மூன்று இலைகளின் ஓரம்

கரையான்சாவடியில் மழை விட்ட ஒரு காலையில் ஷேர் ஆட்டோ ஒன்று எனக்கு முன்னால் நின்று கத்தியது. கத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டுநர் முறுக்க முறுக்க எஞ்சினின் குரல் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. வண்டியோ நின்ற இடத்தை விட மனமில்லாமல் ஊர்ந்தது. கிளட்ச் தேய்ந்துபோயிருக்கிறது. உள்ளே இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு அது ஓர் ஏரி. விடிந்தும் விடியாத நீர்ப்பரப்பு, எருமைகள் இறங்கிக் கலக்கிய கரையின் சேற்று வாசம், பெட்ரோல், எட்டுப் பேரின் வியர்வை. பிடிக்க எதுவும் கிடைக்காமல் சுழலும் ஒன்றின் அழுகையை அந்த ஏரியில்தான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும் என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொள்கின்றன.

சில நாட்களுக்கு முன்புதான், என் பழைய படகுக் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டிருந்தார்: "சார், படகோட எடை, எஞ்சின் பவர், எத்தனை ஆளுன்னு போட்டா போதும், எந்தப் புரொப்பல்லர்னு செல்போனே சொல்லிடுது. உங்க காலத்துல எப்படி சார் செலக்ட் பண்ணீங்க?"

"காலாலதான்" என்றேன்.

சிரித்துவிட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். விளையாடவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆவடிக் குவார்ட்டர்ஸ் பிள்ளை நான். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து வீட்டில் நெல்லைக்காரர்கள், எதிர் வீட்டில் வேலூர், மாடியில் சேலம். ஒரே தெருவில் நான்கு வகைக் குழம்பு வாசம். ஐடிஐ முடித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தேன். பம்புக்கு உள்ளே சுழலும் பாகங்களை வார்க்கும் இடம். முதல் நாள் கையில் கொடுத்தது ஓர் அரம். முதல் வருடம் முழுக்கக் கேட்டது ஒரே சொல்: பிசிறு.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் உருகிய உலோகம் கசிந்து இறுகி, நகத்தைப் போல மெல்லிசாக நிற்கும். அதுதான் பிசிறு. கையைக் கீறும். பார்க்க அசிங்கம். வாங்க வருபவன் முதலில் விரலால் தடவுவது ஓரத்தைத்தான். எங்கள் பட்டறையில் எது வெளியே போவதென்றாலும் முனுசாமி அண்ணனின் பெருவிரலைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலிஷ் பிரிவு அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை ஒரு சுற்றுத் தடவுவார். எங்காவது விரல் நின்றால் பொருள் திரும்பி வரும். "இன்னா நைனா, மீசை எட்க்காம கல்யாணத்துக்கு அனுப்புற?" என்பார். அம்பத்தூர் முழுக்க அன்று இதே மதம்தான். பிசிறு எடு, பளபளப்பாக்கு, பெட்டியில் போடு.

எண்பதுகள் முடியும் நேரத்தில் முதலாளிக்குப் படகு ஆசை வந்தது. பட்டறைக்குப் பின்னால் ஷெட் போட்டு ஃபைபர் கண்ணாடிப் படகுகள் செய்ய ஆரம்பித்தார். சீறிப் போகும் படகுகள். அவற்றை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும் பொறுப்புக்கு வந்தவர்தான் ரெஜினா மேடம். பூவிருந்தவல்லி மாதா கோயில் தெருக்காரர். நாற்பதை நெருங்கும் வயது. எஞ்சினியரிங் படித்துவிட்டு ஏதோ துறைமுகத்தில் வேலை பார்த்தவர். காட்டன் புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மொபெட்டிலிருந்து இறங்கிய முதல் நாள், வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரு வாரத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்ததென்று நினைத்தோம். மதியத்துக்குள் சிரிப்பு தீர்ந்துவிட்டது. என்னை அவருக்கு உதவிக்குப் போட்டார்கள்.

அவர் படகில் ஏறும் விதமே தனி. செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைப்பார். வெறுங்காலோடு ஏறி, பின்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பார். பாதம் முழுதும் தரையில் பதிந்திருக்கும். கண் எதிரே தண்ணீரைப் பார்க்கும். காதும் காலும் பின்னால் இருக்கும். எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் முள்ளைப் பார்த்து எண் சொல்வது என் வேலை. நான் சொல்வதற்கு முன்பே அவர் தலையசைத்துவிடுவார். பாதம் வழியாக அவருக்கு அது தெரிந்திருக்கும். கொஞ்ச நாளில் நானும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். பிறகு எல்லாரும்.

எஞ்சினுக்கு அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறிதான் புரொப்பல்லர். அதன் கழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று இப்படி. இலைகள் எவ்வளவு திருகிச் சாய்ந்திருக்கின்றன என்பதன் கணக்கு அது. மரத்தில் திருகாணி இறங்குவதுபோலத் தண்ணீருக்குள் போனால், ஒரு சுற்றுக்குப் படகு அத்தனை அங்குலம் முன்னேற வேண்டும். ஆனால் தண்ணீர் மரம் இல்லையே. விட்டுக்கொடுக்கும், நழுவும், நுரைத்து ஏமாற்றும். எஞ்சினுக்கும் ஒரு சுபாவம் உண்டு. முழு வேகத்தில் இத்தனை சுற்றுக்குக் குறையக் கூடாது, இத்தனைக்கு மேல் போகவும் கூடாது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அதைக் கொண்டுபோய் உட்கார வைக்கும் எண்தான் சரியான எண்.

எண் பெரிதானால் வேகம் பெரிதாகும் என்று எல்லாரும் நம்பினார்கள். முதலாளி இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார். ஒரு தடவை பணக்கார வீட்டு இளைஞர் ஒருவர் சிவப்புப் படகோடு வந்தார். எஞ்சின் சரியில்லை, இழுக்கவில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரே புலம்பல். மேடம் எஞ்சினைத் திறக்கக்கூட இல்லை. மாட்டியிருந்த பெரிய எண்ணைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதை மாட்டினார். இளைஞரின் முகம் தொங்கிவிட்டது. ஓட்டிப் பார்த்தார்கள். முன்பைவிட வேகம்! "எப்படி மேடம்?" என்றார் அவர் நனைந்த தலையோடு. "பாலத்துல ஏறுறப்ப பஸ் டிரைவர் டாப் கியர் போட்டா என்ன ஆகும்? முக்கும். அதான் முக்கிக்கிட்டு இருந்துச்சு. பாவம்" என்றார் மேடம். அந்தப் 'பாவம்' எஞ்சினுக்கு.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். புரொப்பல்லரை மாற்றினால் எஞ்சினின் உயரத்தைத் தொடக் கூடாது. உயரத்தை மாற்றினால் ஆளை இடம் மாற்றக் கூடாது. பெட்ரோல் ஒவ்வொரு முறையும் அதே அளவு. காற்றுக்கு எதிரே ஒரு ஓட்டம், காற்றோடு ஒரு ஓட்டம். அவசரப்பட்டு யாராவது இரண்டை ஒன்றாக மாற்றினால் கோபிக்க மாட்டார். இரண்டையும் பழையபடி வைக்கச் சொல்லி முதலிலிருந்து தொடங்குவார். அது கோபத்தைவிடக் கொடுமை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில்தான் அந்தப் படகு வந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் கடல் மீட்புப் பணிக்கென்று ஓர் அலுவலகம் கேட்டிருந்தது. இரண்டே நிபந்தனைகள். வெறும் படகாக இன்ன வேகம் போக வேண்டும். எட்டுப் பேரை ஏற்றினாலும் படகு தண்ணீரிலிருந்து எழும்பி, மேல்மட்டத்தில் வழுக்கிப் போக வேண்டும். இதைத்தான் நாங்கள் 'தூக்குறது' என்போம். தூக்காத படகு மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, பின்பாகத்தால் ஏரியை உழுதுகொண்டு போகும்.

பட்டறையில் படகு உருவாகும்போதே அதை ஓட்டப்போகிறவர் வந்து பார்த்தார். சூசை. காசிமேட்டுக்காரர், பழைய மீட்புப் படகின் ஓட்டுநர். எஞ்சினை, ஸ்டீயரிங்கை, பளபளக்கும் பெயின்டை எதையும் அவர் பார்க்கவில்லை. பின்பக்கம் போய் நின்று படகின் விலாவைத் தட்டினார்.

"இன்னா மேடம், எட்டு பேர் ஏறுனா இது தூக்குமா?"

"தூக்க வைக்கணும்ணே. அதுக்குத்தான் நாங்க. அது ஏன் எட்டு, பேப்பர்ல நீங்கதான் போடச் சொன்னீங்களாமே?"

"நம்ம பக்கம் ஒரு போட்டுல எட்டு பேர் போவாங்கோ. கவுந்துச்சுன்னா எட்டு பேர் தண்ணில கீறாங்கோ." அவர் கை படகின் மேலேயே இருந்தது. "போன ஐப்பசில நாலு பேர ஏத்துனேன். அதுக்கு மேல பழசு தாங்கல, குண்டி தண்ணில குந்திகிச்சு. மிச்சம் நாலு பேரு கட்டைய புடிச்சிகினு கீறாங்கோ. அதுல ஒர்த்தன் சொன்னான், 'அண்ணே நீ மொதல்ல அவங்கள இட்டுகினு போ, நாங்க கீறோம்'னு. நாலு பேர கரைல உட்டுட்டு ரெண்டாவது நடை போறேன்..."

நிறுத்திவிட்டார். அவராகவே முடித்தார்.

"மூணு பேர்தான் இருந்தாங்கோ. சொன்னானே, அவன் இல்ல."

போகும்போது மறுபடியும் அதையே கேட்டார். எட்டு பேர் ஏறுனா தூக்குமா? அன்றிலிருந்து அந்தப் படகு ஓர் ஆர்டராக இல்லாமல் போனது. ஷெட்டில் ரெசின் பூசுகிறவன்கூட வேலைக்கு நடுவில் நிமிர்ந்து, "தூக்குமா மேடம்?" என்று கேட்க ஆரம்பித்தான்.

செம்பரம்பாக்கம் ஏரியில் ஞாயிறு காலைகளில் மட்டும் ஓட்டிப் பார்க்க முதலாளி எப்படியோ அனுமதி வாங்கியிருந்தார். எடைக்கு மணல் மூட்டை போடலாம் என்று சொன்னோம். மேடம் ஒப்பவில்லை. "மூட்டை வெச்ச எடத்துல உக்காந்திருக்கும். கடல்லேர்ந்து ஏறுனவன் உக்காருவானா? நடுங்கிக்கிட்டுப் பின்னாடி ஒண்டுவான், எழுந்து நிப்பான், இன்னொருத்தனக் கட்டிப்பான். எனக்கு ஆளுங்க வேணும்." பட்டறையிலிருந்தே எட்டுப் பேரைக் கூட்டிப்போனோம். எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களோடு வேனில் பிக்னிக் மாதிரிக் கிளம்பினார்கள். முனுசாமி அண்ணன்தான் தலைவர்.

"இம்மா நாளா மூட்டை தூக்கினேன் நைனா. இன்னிக்குத்தான் நானே மூட்டையாயிட்டேன்" என்றபடி ஏறினார்.

முதல் ஞாயிறு இருபத்து மூன்றை மாட்டினோம். முதலாளிக்குப் பிடித்த எண். வெறும் படகாகப் பறந்தது. கரையில் மாடு மேய்த்தவர்கள் கைதட்டினார்கள். எட்டுப் பேரை ஏற்றியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு முக்கியது, எழவே இல்லை. அடுத்து பதினேழு. எட்டுப் பேரோடு துள்ளி எழுந்தது. ஆனால் வெறும் படகில் எஞ்சின் எல்லையைத் தாண்டிக் கதற, வேகம் தாளில் கேட்டதற்கு வெகுதூரம் கீழே நின்றுவிட்டது.

"நடுவுல ஒண்ணு இருக்கு" என்றார் மேடம். பத்தொன்பது. அதே வெளிநாட்டுக் கம்பெனி, அதே துருப்பிடிக்காத எஃகு, மூன்று இலை. கப்பலில் வர வேண்டும். காத்திருந்தோம். வந்தது. பெட்டிக்குள் ஆணி உரசி இலைகளில் கீறல் விழுந்திருந்தது. சோதனையைப் பார்க்க அதிகாரி வரப்போகிறார் என்பதால், "கண்ணாடி மாதிரி ஆக்கிடு" என்று சொல்லி முதலாளி அதை நேராக முனுசாமி அண்ணனிடம் அனுப்பிவிட்டார். கண்ணாடி மாதிரியே திரும்பி வந்தது. அதில் முகம் பார்த்து மீசையைத் திருகிக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்த ஞாயிறு. எட்டுப் பேரும் ஏறினார்கள். மேடத்தின் செருப்பு கரையில். நான் முள்ளின் முன்னால். படகை மேடமே எடுத்தார். மூக்கு எழும்பியது, இதோ தூக்கப்போகிறது என்ற நொடியில், அந்தச் சத்தம். எஞ்சின் திடீரென்று கையை விட்டுப் போனதுபோல அலறியது. முள் பாய்ந்தது. படகு அப்படியே உட்கார்ந்தது. பின்னால் வெறும் நுரை.

"மேடம், நான் வோணா எறங்கிக்கிறேன்" என்றார் முனுசாமி அண்ணன். "காலைல அஞ்சு இட்லி துன்னுட்டேன்."

மறுபடியும் எடுத்தோம். அதே அலறல். எஞ்சினை, மாட்டியிருந்த துளையிலிருந்து ஒரு துளை கீழே இறக்கினோம். அதே. பழைய உயரத்துக்கே ஏற்றி, எஞ்சினின் சாய்வை மாற்றினோம். அதே. சாய்வைத் திருப்பி வைத்து, ஆட்களை முன்னால் நகர்த்தினோம். கொஞ்சம் எழும்பி, திரும்பும்போது மறுபடியும் வழுக்கியது. பதினேழு தூக்கிய எடை. பத்தொன்பது முக்கினால் புரிந்துகொள்ளலாம். இது முக்கவில்லை, நழுவியது. எஞ்சினுக்குப் பலம் இருந்தது, பிடிக்கத் தண்ணீர்தான் கிடைக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஏரிப்பாசி சுற்றியிருக்கும் என்றார் ஒருவர். வடிவமே தப்பு என்றார் இன்னொருவர். மேடம் படகைக் கரையில் முட்டவிட்டு, எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். இலையின் ஓரத்தில் விரலை வைத்தார். முதல் இலை. இரண்டாம் இலை. மூன்றாம் இலை. மறுபடியும் முதல் இலை.

"கதிர், வேன்ல இருபத்து மூணு இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க" என்றார் என்னிடம்.

அது பாலிஷுக்கே போகாதது. அவசரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியது. அதன் ஓரத்தையும் தடவினார். தண்ணீரைத் தள்ளிவிட்டு இலை முடியும் அந்தக் கடைசி விளிம்பில் விரல் நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். உள்பக்கமாக ஒரு சின்ன வளைவு. உதட்டை லேசாகச் சுழித்தது போல. அரிசி மணியின் கனம்கூட இராது. பத்தொன்பதில் அது இல்லை. கத்தி மாதிரி நேராக, சுத்தமாக, வழுவழு என்று இருந்தது.

"முனுசாமிண்ணே, கொஞ்சம் வாங்க. இந்த ஓரத்துல ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சே மேடம். பிசிறு. நல்லா எந்திரிச்சிகினு நின்னுச்சு. சுத்தமா எட்த்துட்டேன்." அவர் குரலில் பெருமை.

ஏரியில் ஒரு கொக்கு எழுந்து போனது. மேடம் இருபத்து மூன்றை அவர் கையில் கொடுத்தார். "கண்ண மூடிக்கிட்டுத் தடவுங்க."

முனுசாமி அண்ணன் தடவினார். பட்டறை வாசலில் ஆயிரம் பொருட்களை நிறுத்திய பெருவிரல். ஓர் இலை தாண்டியது. இரண்டு. மூன்றாவதில் கண்ணைத் திறந்தார்.

"மூணுலயும் ஒரே மாதிரி கீது மேடம்."

"ம்."

"பிசிறு எங்கயாவது ஒரே மாதிரி இருக்குமா?" அதை அவர் மேடத்திடம் கேட்கவில்லை. தன் விரலிடம் கேட்டார். "ஒண்ணு நீட்டா இருக்கும், ஒண்ணு குட்டையா இருக்கும். அத்துலயும் மூணும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. எட்த்துகினே, இன்னாடா இவ்ளோ அழகா கீதுன்னு நெனச்சேன். நெனச்சுகினே எட்த்துட்டேன்."

"அது பிசிறு இல்லண்ணே" என்றார் மேடம். "பிடி. தண்ணி ஓரத்துல நழுவிப் போவும்ல, அதை இந்த உதடு கடைசியா ஒரு தடவ கவ்விப் பிடிக்கும். பாரம் ஏற ஏற இதுதான் வேலை செய்யும்."

முனுசாமி அண்ணன் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார், வேட்டி நனைய. "அந்தாளு ரெண்டாவது நடை போனாரே மேடம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் வேறு மேலதிகாரியாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்பத்தூரில் அதையும் பார்த்திருக்கிறேன். ரெஜினா மேடம் புடவைக் கொசுவத்தைப் பிழிந்துவிட்டுக் கரையேறி, எலுமிச்சைச் சாதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். "சாப்புடுங்க. நாளைக்கு அத உங்க கையாலயே திருப்பி வைக்கப் போறோம்."

புதிது கப்பலில் வர மாதங்கள் ஆகும். சோதனைக்கு ஆட்கள் வரப்போவதோ அடுத்த வாரக் கடைசியில். முதலாளியிடம் வேறு யோசனை இருந்தது. ரொம்ப எளிது.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போவோம் ரெஜினா. ஸ்பீடு பாக்கறப்ப இருபத்து மூணு. ஆள் ஏத்தறப்போ, வலை சுத்திக்குச்சுன்னு எஞ்சினைத் தூக்கிப் பதினேழை மாட்டிடு. வர்றவருக்கு என்ன தெரியப் போவுது?"

"சூசைக்குத் தெரியும் சார்."

"அவன் டிரைவர்."

"அதான் சார் சொல்றேன்." குரல் ஏறவே இல்லை. "நாளைக்குக் கடல்ல ஒருத்தன் கத்தறப்போ, அவர் எதை மாட்டிட்டுப் போகணும்னு நீங்களே சொல்லிடுங்க. அதையே மாட்டறேன்."

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "முயற்சி பண்ணு. ஆனா ரெண்டு பெட்டியும் என் டிக்கில இருக்கும்" என்றார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

வேலை ஆரம்பித்தது. மெல்லிய ஈயத் தகட்டை இருபத்து மூன்றின் விளிம்பில் அழுத்தி, வளைவின் அச்சை எடுத்தார் மேடம். அந்த வளைவுக்கு ஓர் இரும்புக் கட்டையைக் கடைந்தோம். பத்தொன்பதின் விளிம்பைக் கட்டையின் மேல் வைத்து நான் பிடித்துக்கொள்ள, முனுசாமி அண்ணன் செம்புச் சுத்தியலால் தட்டினார். தட்டல் என்றுகூடச் சொல்ல முடியாது, குழந்தையைத் தூங்க வைக்கிற கை. வாழ்நாள் முழுக்க ஓரங்களை எடுத்த கை, முதல் தடவையாக ஓர் ஓரத்தைச் செய்தது. எஃகு பிடிவாதக்காரச் சரக்கு. ஓங்கினால் வெடிக்கும், பயந்தால் திரும்பிப் போகும். மேடம் இலையைக் கூரை ஓட்டையிலிருந்து விழும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், ஈயத் தகட்டை வைத்துப் பார்ப்பார், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி. மறுபடியும் தட்டல். மூன்றும் ஒன்றுபோல் ஆகும்வரை. ஒன்றுபோல் ஆகாவிட்டால் அது உண்மையிலேயே பிசிறுதான்.

பிறகு எடை பார்த்தோம். தண்டில் கோத்து, இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் சும்மா விட்டோம். கனமான இலை தானாகக் கீழே வந்து நிற்கும். அதன் முதுகில் கொஞ்சம் தேய்க்க வேண்டும், ஓரத்தைத் தொடாமல். முனுசாமி அண்ணன் தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் உட்காருமுன் மூன்று ஓரங்களிலும் துணி சுற்றிக் கட்டினார். பச்சைப் பிள்ளைக்குக் குல்லா கட்டுவதுபோல.

ஏரிக்கு வாரநாளில் போகச் சிறப்பு அனுமதி. எட்டுப் பேர். முதல் ஓட்டத்தில் அலறல் இல்லை! ஆனால் முக்கியது. பிடி அதிகமாகிவிட்டது, சுற்று எல்லைக்குக் கீழே விழுந்தது. கரையிலேயே கட்டையை வைத்து, உதட்டை ஒரு மயிரிழை தளர்த்தினார்கள். இரண்டாம் ஓட்டம். மூக்கு எழுந்தது. என் உள்ளங்கால்களுக்குக் கீழே படகின் தரை ஒரு நடுக்கம் நடுங்கி, சட்டென்று அமைதியானது. குரல் கீழே வந்து உட்கார்ந்தது. தண்ணீர் எங்களை விட்டு இறங்கிப் போனது. தூக்கிவிட்டது. நான் முள்ளைப் பார்க்க மறந்துவிட்டேன். மேடம் கேட்கவும் இல்லை. பின்னால் ஏழு பேர் விசில் அடித்தார்கள். எட்டாவது ஆள் அழுதுகொண்டிருந்தார்.

சோதனை நாளில் காசிமேட்டில் அலை கொஞ்சம் இருந்தது. அதிகாரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். வெறும் படகின் வேக ஓட்டம் முதலில். தாளில் கேட்டதைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு துளி குறைவு. முதலாளியின் பார்வை காரின் டிக்கிக்குப் போய், மேடத்திடம் போய், மறுபடியும் டிக்கிக்குப் போனது.

"வேகம் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார் அதிகாரி.

"இதே ஃபேன்ல ஆள் ஏத்திப் பாருங்க சார். கழட்டாம" என்றார் மேடம்.

சூசை துறைமுகத்தில் கண்ணில் பட்டவர்களைக் கூப்பிட்டார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், ஐஸ் உடைப்பவர் என்று ஏழு பேர்தான் கிடைத்தார்கள். "சார், நீ ஏறு" என்றார் அதிகாரியிடம். அவர் தயங்க, "சட்டை நனஞ்சா ஊட்ல தொவைச்சிக்கலாம் சார், ஏறு!" அவரும் ஏறினார். முகத்துவாரம் தாண்டியதும் படகு எழுந்தது. கரையிலிருந்து பார்த்தோம். மூக்கு இறங்கி, பின்னால் நுரை குறுகி, ஒரு வெள்ளைக் கோடாகப் போனது.

திரும்பி வந்த அதிகாரியின் சட்டையில் மடிப்பு இல்லை. முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "தூக்குது. ஆனா அந்த வேகம்..." என்று இழுத்தார்.

சூசை கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சார், வேகம் போறதுக்கு. தூக்குறது வர்றதுக்கு. கடல்ல கீறவன் போறதப் பாத்துகினு இல்ல சார், கரைக்கு வர்றதத்தான் பாத்துகினு கீறான்."

அதிகாரி பேனாவைக் கேட்டார். முதலாளி டிக்கியைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள், புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் அந்தக் கதையைத் தன் கதையாகவே சொன்னார். மேடம் பக்கத்தில் நின்று புதிதாய்க் கேட்பவரைப்போலத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலையும் சேர்த்துத்தான் அவரை நான் வியக்கிறேன்.

படகை ஒப்படைத்த நாளில் எல்லாரும் போனோம், முனுசாமி அண்ணன் சலவை வேட்டியில். சூசை வெறுங்காலோடு வந்தார். எஞ்சினைச் சாய்த்து, மூன்று இலைகளின் ஓரத்தையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சூசைண்ணே, யாராவது இதைப் பளபளன்னு பாலிஷ் போட்டுத் தரேன்னு சொன்னா..."

"கைய ஒடிச்சிடுவேன் மேடம்."

"அத்த ஏன்யா என் கைய பாத்துகினே சொல்ற?" என்றார் முனுசாமி அண்ணன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. தாழ்ந்த, அமைதியான குரல். கயிற்றை நான்தான் அவிழ்த்து எறிந்தேன். மேடம் படித்துறையின் கடைசிக் கல்லில், தண்ணீர் பாதத்தில் ஏற, நின்றிருந்தார்.

"போய்ட்டு வாங்கண்ணே."

சூசை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். "வரேன் மேடம். இனிமே ஒரே நடை."